கத்திக்குப் பெயர் வைப்பது யார்?

சாகசக் கதைகளின் நாயகர்களை வரிசையாக நிற்கவைத்து இடுப்பைச் சோதனை போட்டால் சுவாரசியமான பொருள்கள் அகப்படும். ராபின்சன் குரூஸோவிடம் கிடைப்பது ஒரு கத்தி, ஒரு புகைக்குழாய், ஒரு டப்பாவில் கொஞ்சம் புகையிலை. 1719-ல் டேனியல் டீஃபோ அவனை ஆளில்லாத் தீவில் கரையேற்றியபோது கையிருப்பு அவ்வளவுதான். ஸ்டீவன்சனின் ‘புதையல் தீவு’ நாவலில் வரும் சிறுவன் ஜிம் ஹாக்கின்ஸிடம் ஒரு மடக்குக்கத்தி. கிப்ளிங்கின் மௌக்ளிக்குக் கழுத்தில் உறையோடு தொங்கும் கத்தி. டார்ஜானிடம், முகம் அறியாத தந்தை விட்டுப்போன வேட்டைக் கத்தி.

இந்தக் கத்திகள் எத்தனை பேரைக் கொன்றன என்று கணக்கெடுத்தால் வாசகருக்கு ஏமாற்றம் காத்திருக்கிறது. ஜிம் தன் மடக்குக்கத்தியைப் பல்லால் திறந்து செய்யும் பெரிய காரியம், நள்ளிரவில் ஒரு கப்பலின் நங்கூரக் கயிற்றைப் புரி புரியாக அறுப்பது. கயிறு விறைப்பாக இருக்கும்போது அறுத்தால் ஆபத்து. தளரும் கணத்துக்காகப் படகில் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறான். கதையில் கொல்வதற்கான குத்துவாள் இருப்பது அவனிடம் அல்ல, அவனைத் துரத்தும் கடற்கொள்ளையனிடம்.

மௌக்ளியின் கதை இன்னும் வேடிக்கை. ஷேர்கான் புலியைக் கொல்வது அவன் கத்தி அல்ல, அவன் ஓட்டிவிட்ட எருமை மந்தை. புலி செத்த பிறகுதான் கத்தி வெளியே வருகிறது, தோலை உரிக்க. அந்த நேரம் பார்த்து ஊர் வேட்டைக்காரன் புல்தேவ் வந்து சேர்கிறான். புலித்தோலுக்கு அரசாங்கம் தரும் நூறு ரூபாய் வெகுமதி மீது அவனுக்குக் கண். உரித்தவனுக்கா, உரிமை கொண்டாடுபவனுக்கா தோல் சொந்தம் என்பதுதான் அங்கே நடக்கும் உண்மையான சண்டை.

ஜூல் வெர்ன் இன்னும் ஒரு படி மேலே போனார். 1870-களில் அவர் எழுதிய ‘மர்மத் தீவு’ நாவலில் ஐந்து பேர் பலூனிலிருந்து ஒரு தீவில் விழுகிறார்கள். ஒருவரிடமும் கத்தி இல்லை. கடைசியில் கூட வந்த நாயின் கழுத்துப் பட்டையைக் கழற்றி, அதன் எஃகை இரண்டாக உடைத்து, கல்லில் தீட்டி இரண்டு கத்திகள் செய்துகொள்கிறார்கள். அப்புறம் வில் வருகிறது, சூளை வருகிறது, இரும்பு உருக்குகிறார்கள். ஒரு நாகரிகமே நாயின் கழுத்திலிருந்து தொடங்குகிறது.

விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை. 1897-ல் வந்த ‘டிராகுலா’வில் ரத்தக் காட்டேரிப் பிரபுவை முடித்துவைப்பவை இரண்டு கத்திகள். ஒன்று அமெரிக்க போவி கத்தி, மற்றது கூர்க்காக்களின் குக்ரி. சினிமா பார்த்தவர்கள் மரமுளை என்று அடித்துச் சொல்வார்கள்; புத்தகம் படித்தவர்களுக்குத்தான் உண்மை தெரியும். டார்ஜானும் கத்தியால் கொல்கிறவன்தான். ஆனால் கொரில்லா ஒன்று மேலே விழும்வரை கையில் இருப்பதன் பயன் அந்தச் சிறுவனுக்குத் தெரியாது. நிலைத்து நின்ற சாகசக் கதைகளில் கத்தி முதலில் ஒரு கருவி. பிறகுதான், வேறு வழியில்லாதபோது, ஆயுதம்.

தமிழில் சாகசம் வேறு பாதையில் வந்தது. கல்கியின் வந்தியத்தேவனும் சாண்டில்யனின் வீரர்களும் வாள் பிடித்தவர்கள். கயிறு அறுக்கவும் தோல் உரிக்கவும் அவர்களுக்கு நேரமில்லை. அதற்கெல்லாம் வேறு ஆட்கள் இருந்தார்கள். ‘பொன்னியின் செல்வ’னில் வாசகர் மனதில் தங்கிவிட்ட ஆயுதம்கூட மீன் சின்னம் பொறித்த ஒரு வாள்தான். நந்தினி அதைப் பூஜைப் பொருள் மாதிரி பாதுகாக்கிறாள். அது வேலை செய்யும் இரும்பு அல்ல. பழியின் அடையாளம்.

சித்தூர், திருப்பதிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்த வாள்வீச்சு இரண்டு மொழிகளில் கிடைத்தது. 1953-ல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டம் அந்தப் பக்கம் போனது. 1960-ல் திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. எல்லைக்கோடு நகர்ந்தாலும் வீடுகளில் இரண்டு மொழிகளும் தங்கிவிட்டன. 1947 ஜூலையில் சென்னையில் நாகிரெட்டியும் சக்ரபாணியும் தொடங்கிய பத்திரிகை, தெலுங்கில் ‘சந்தமாமா’, தமிழில் ‘அம்புலிமாமா’. தாசரி சுப்ரமணியம் தெலுங்கில் எழுதிய மந்திரவாதி, ராட்சசன், பாதாளக் கோட்டைத் தொடர்கதைகளைத் தமிழ்ப் பிள்ளைகளும் மாதாமாதம் காத்திருந்து படித்தார்கள். கொட்டகைக்குப் போனால் விட்டலாச்சார்யாவின் மாயாஜாலப் படங்கள். நடிகர் காந்தாராவ் எத்தனை படங்களில் வாள் சுழற்றினாரோ, தெலுங்கு ரசிகர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘கத்தி காந்தாராவ்’. தமிழ்ப் பக்கம் எம்.ஜி.ஆர். வாள் சுழற்றிக்கொண்டிருந்த காலம் அது.

அங்கே ஒரு மொழி விஷயம் கவனிக்கத்தக்கது. காந்தாராவ் கையில் இருந்தது நீண்ட வாள். தமிழில் அதைக் ‘கத்தி’ என்றால் சமையலறை ஞாபகம் வரும். தெலுங்கில் போர்வாளும் கத்திதான், காய் நறுக்குவதும் கத்திதான். தமிழரின் அரிவாள்மனை தெலுங்கில் ‘கத்திபீட’. குத்துவாளுக்கு அவர்கள் சொல் ‘பாகு’. தமிழில் ‘கொடுவாள்’ என்றால் மரக்கிளை வெட்டும் கனத்த வெட்டுக்கத்தி. தெலுங்கில் ‘கொடவலி’ என்றால் கதிர் அறுக்கும் அரிவாள். காதுக்கு ஒரே சொல். கைக்கு வேறு கருவி. சித்தூர் சந்தையில் கொல்லரிடம் வாங்குகிறவருக்கு இதில் குழப்பம் வராது. பொருளைக் கையில் எடுத்துப் பார்த்துவிடுவார். குழப்பம் எல்லாம் காகிதத்தில்தான்.

மொழிபெயர்ப்பவரின் சங்கடம் இன்னும் பெரிது. ஆங்கிலச் சாகசக் கதையில் மாலுமியின் குத்துவாள், வேட்டைக்காரனின் கத்தி, கொள்ளையனின் அகலக்கத்தி, பையனின் மடக்குக்கத்தி என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் உண்டு. தமிழாக்கங்களில் பெரும்பாலும் எல்லாம் ‘கத்தி’ அல்லது ‘பட்டாக்கத்தி’ என்ற இரண்டே உறைகளுக்குள் திணிக்கப்பட்டன. தமிழுக்குச் சொல் பஞ்சம் என்று இதற்குக் காரணம் சொல்ல முடியாது. சுரிகை, குறுவாள், உடைவாள், கட்டாரி, பிச்சுவா, சூரி, கொடுவாள், வெட்டரிவாள், பாளை அரிவாள், பேனாக்கத்தி என்று பட்டியல் நீளும். இவற்றில் பாதி அரண்மனைச் சொற்கள், பாதி வேலைக்காரரின் சொற்கள். இரண்டாவது பாதியை அச்சில் ஏற்ற எழுத்தாளர்கள் கூச்சப்பட்டார்கள்.

இத்தனைக்கும் இந்த வட்டாரத்தின் மிகப் பழைய சாகச நாயகன் வேலைக்காரர் பக்கத்து ஆள். திருப்பதியிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டரில், சுவர்ணமுகி என்று இன்று அழைக்கப்படும் பொன்முகலி ஆற்றங்கரையில் காளத்தி. அங்கே கண்ணப்பராக வணங்கப்படுபவர் வேடர் குலத்துத் திண்ணன். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் சொன்ன அவர் கதை, பக்தி இலக்கியம் என்பதற்கு முன்னால் ஒரு முழுமையான வேட்டைக் கதை. வலையை அறுத்துக்கொண்டு ஓடும் பன்றி, துரத்தும் மூன்று இளைஞர்கள், களைத்துத் திரும்பிய பன்றியை நேருக்கு நேர் நின்று குத்தி வீழ்த்தும் தலைவன். அப்புறம் பசி, தீ மூட்டல், இறைச்சி வாட்டல். தன் கண்ணைத் தோண்டிக் கொடுக்கும்போதும் அவர் எடுப்பது கைக்கு வழக்கமான வேட்டைக் கருவியைத்தான்: ஓர் அம்பு. புனிதத்துக்கென்று தனி ஆயுதம் அவரிடம் இல்லை.

மலைமேல் கதை நேர்மாறு. திருமலையில் மூலவருக்குச் சாத்தும் ஆபரணங்களில் ஒன்றின் பெயர் ‘சூர்ய கடாரி’. அன்னமய்யாவைப் பெருமாளின் நந்தகம் என்ற வாளின் அவதாரம் என்று பக்தர்கள் நம்புகிறார்கள். ஆக, இங்கே வாள் நகையாகவும் ஆகியிருக்கிறது, பாடகராகவும் ஆகியிருக்கிறது.

மலையடிவாரத்தில் சந்திரகிரி. விஜயநகர அரசர்கள் தங்கள் கடைசிக் காலத்தில் ஒதுங்கிய கோட்டை அது. அந்தப் பேரரசின் நாட்களோடு சேர்த்துப் பேசப்படும் ஆயுதம் கட்டாரி. சாதாரணக் குத்துவாளை விரல்கள் சுற்றிப் பிடிக்கும். கட்டாரியில் இரண்டு பக்கக் கம்பிகளுக்கு நடுவே குறுக்குப் பிடி. முஷ்டியை மடக்கினால் முஷ்டியின் நீட்சியாக அலகு நிற்கும். பழைய தென்னாட்டுக் கட்டாரிகளில் கைமுதுகை மறைக்கும் தகடு ஒன்றும் உண்டு. யாளியும் கிளியும் குடைந்த தஞ்சாவூர்க் கட்டாரிகள் இன்று நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் வரை கண்ணாடிப் பெட்டிகளில் இருக்கின்றன. அவை தப்பியவை. 1855-ல் தஞ்சை அரசைப் பிரிட்டிஷார் எடுத்துக்கொண்ட பிறகு அரண்மனை ஆயுதசாலை கலைக்கப்பட்டது. நல்லவை சில சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தன. மீதியில் பெரும்பகுதியை உடைத்துப் பழைய இரும்பாக விற்றார்கள். கதைகளில் நாயகர்கள் உயிரைக் கொடுத்துக் காத்த வாள்களுக்கு நிஜத்தில் கிடைத்தது எடைக்கல்.

அரண்மனைக் கத்தி இப்படிப் போனது. காட்டுக்கத்தி என்ன ஆனது என்று பார்க்க சந்திரகிரியிலிருந்து வெகுதூரம் போக வேண்டியதில்லை. பாகராப்பேட்டை, நாகப்பட்லா, புலிபோனு, ரங்கம்பேட்டை ஆகிய பெயர்கள் உலகெங்கும் வேட்டைக் கதை வாசகர்களுக்குத் தெரியும். பெங்களூர்க்காரரான கென்னத் ஆண்டர்சன் (1910–1974) தன் முதல் புத்தகத்திலேயே சாமலா பள்ளத்தாக்கின் ஆட்கொல்லிப் புலிக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். அந்தப் புத்தகம் 1954-ல் வெளிவந்தது. மாமண்டூரும் பிறகு அவர் எழுத்தில் இடம்பெற்றது.

ஆண்டர்சனின் துப்பாக்கி என்ன ரகம் என்று அவர் வாசகர்கள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்: .405 வின்செஸ்டர். ஆனால் அவர் உட்கார்ந்த பரண்களுக்குக் கிளை வெட்டியது எந்தக் கத்தி? புலி நடந்த பாதையில் முள் விலக்கியது எது? அவற்றைப் பிடித்திருந்தவர்கள் ஊர்க்காரர்கள், மலைவாசிகள், வனக் காவலர்கள். ஆண்டர்சன் தன் காட்டு நண்பர்களின் பெயர்களை மரியாதையோடு எழுதியவர். இந்த விஷயத்தில் அவர் தாராளமானவர். ஆனாலும் சாகசக் கதையின் இலக்கணம் அவரைவிடப் பலமானது. துப்பாக்கிக்கு எண் உண்டு, கம்பெனி உண்டு, சரித்திரம் உண்டு. கொடுவாளுக்குப் பெயர்கூட இல்லை.

பல பத்தாண்டுகள் கழித்து அதே மலைத்தொடரில் அந்தக் கருவிக்குப் பெயர் கிடைத்தது. 2015 ஏப்ரல் 7 அன்று, சந்திரகிரியை அடுத்த சேஷாசலக் காட்டில் இரண்டு இடங்களில் 20 பேரை ஆந்திரத்தின் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை சுட்டுக் கொன்றது. எல்லோரும் தமிழ்நாட்டவர், பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களின் கூலிகள், ஜவ்வாது மலை, சித்தேரி மலை கிராமங்களைச் சேர்ந்தவர்களும் அவர்களில் உண்டு. கோடரி, அரிவாள், கற்களால் தாக்க வந்தார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது போலீஸ். அவர்களில் சிலர் காட்டில் அல்ல, வழியில் பேருந்திலிருந்து இறக்கி அழைத்துச் செல்லப்பட்டவர்கள் என்று தப்பியவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் சாட்சி சொன்னார்கள்.

அந்த நாட்களின் ஆங்கிலச் செய்திகளைப் புரட்டினால் ஒரு சொல் திரும்பத் திரும்ப வருகிறது: ‘சிக்கிள்’. அகராதியில் அது நெல் அறுக்கும் கதிர் அரிவாள். செம்மரக் காட்டில் கதிர் அரிவாளுக்கு என்ன வேலை என்று கேட்க எந்த ஆசிரியர் மேஜையிலும் ஆள் இல்லை. தென்னிந்தியச் செய்திகளில் கொடுவாள், வெட்டரிவாள், வீச்சரிவாள் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல்தான் பல காலமாகப் புழங்குகிறது. போலீஸ் அறிக்கையில் அதே பொருள் ‘மாரணாயுதம்’ ஆகிறது; தமிழில் ‘பயங்கர ஆயுதம்’. காலையில் தழை வெட்டவும் விறகு பிளக்கவும் எடுத்துப்போன இரும்பு, மாலையில் முதல் தகவல் அறிக்கைக்குள் நுழையும்போது உருமாறிவிடுகிறது. விட்டலாச்சார்யா படத்தில்கூட இவ்வளவு வேகமாக மாறாது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2013 டிசம்பரில் இதே சேஷாசலத்தில் இரண்டு வனத்துறை அதிகாரிகளை மரம் வெட்ட வந்த கும்பல் கொன்றது. அவர்களுக்கும் குடும்பங்கள் உண்டு. செம்மரம் கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தப் பகுதிக்கே உரிய மரம். உலகில் வேறெங்கும் காடாக வளர்வதில்லை. அழியும் அபாயத்தில் இருப்பதாக அறிவிக்கப்பட்டது. அதை வெட்டுவது குற்றம். கருவி ஆயுதமாக மாறும் நாளும் உண்டு. ஆனால் மாறியதா, மாற்றப்பட்டதா என்று தீர்மானிப்பது நீதிமன்றத்தின் வேலை. வெட்டக் கூலி வாங்கியவனுக்கு மரண தண்டனை என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. கட்டைகளைக் கப்பலேற்றி லாபம் பார்த்தவர்கள் காட்டுக்குள் வருவதே இல்லை.

சட்டம் இந்தச் சிக்கலை முன்பே யோசித்திருக்கிறது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் கூர்முனைக் கருவிகளையும் ஆயுதம் என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது. அதே மூச்சில், வீட்டுக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே என்று வடிவமைக்கப்பட்டவை ஆயுதம் அல்ல என்றும் சொன்னது. சட்டம் இரும்பின் அளவைப் பார்ப்பதோடு நிற்கவில்லை. அது எதற்காகப் பிறந்தது என்றும் கேட்கிறது. கிப்ளிங்கும் வெர்னும் கதையில் கேட்ட அதே கேள்வி. பதில் சொல்ல வேண்டியவன் உயிரோடு இருந்தால்தான் கேள்விக்கு அர்த்தம்.

2015-ல் இறந்தவர்களில் பலரைப் பெற்ற திருவண்ணாமலை மாவட்டம், தமிழகத்தில் நடுகற்கள் செறிந்த நிலம். ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கும் செங்கம் வட்டாரத்துக் கற்களை இரா. நாகசாமி தொகுத்து, தமிழக அரசின் தொல்லியல் துறை 1972-ல் ‘செங்கம் நடுகற்கள்’ என்ற நூலாக வெளியிட்டது. ஆநிரை கவர வந்தவர்களோடு மோதி மாண்டவர்கள், ஊரைக் காக்க நின்றவர்கள் என்று அதில் ஒரு கூட்டமே இருக்கிறது. தமிழகத்தின் வேறு பல இடங்களில் புலிகுத்திக் கற்கள் உண்டு: பாயும் புலி, அதன் உடலில் இறங்கும் குறுவாள், அதைப் பிடித்த கை. ஆண்டர்சனுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே எழுதப்பட்ட, துப்பாக்கி இல்லாத ஆட்கொல்லிக் கதைகள் அவை. இந்த வீரர்களில் மிகப் பலர் இளவரசர்கள் அல்ல. மாடு மேய்த்தவர்கள், சேவகர்கள். கத்தி பிடித்த எளியவனின் பெயரைச் சமூகம் கல்லில் பொறித்து வைத்தது.

அந்த மாவட்டத்து எடத்தனூர்க் கல் ஒன்று மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. எருமைகளைக் காக்கப் போராடி இறந்த ஒருவனுக்காக நட்டது. பக்கத்தில் அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. திருடர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர்கூட அழியாமல் இருக்கிறது: கோவிவன். வீரனின் பெயர் கருந்தேவக்கத்தி.